சீட்டுப் பணம் 55 ஆயிரம், வீட்டில் மூன்று ஓட்டு: எந்த கன்சோலின் எக்ஸ்க்ளூசிவ் கேம்களை நம்பி வாங்கலாம்?

தக்காளிக்_கணக்கு (பாலக்கோடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் சீட்டு எடுத்தேன். கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தது போக 55 ஆயிரம் கையில் நிற்கிறது. கேம் கன்சோல் வாங்கிக்கொள்ள வீட்டம்மா சம்மதம் சொல்லிவிட்டார். வாய்வார்த்தைச் சம்மதம்தான். ஸ்கூல் பீஸ் ஞாபகம் வருவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவன். விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மதியம் வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால், ராத்திரி 8-லிருந்து 9:30 வரைதான் டிவி என் கைக்கு வரும். பெரியவனுக்கு 14 வயது, சின்னவனுக்கு 9. கம்ப்யூட்டர் என்று சொல்ல ஒரு பழைய லேப்டாப், டைப் அடித்தாலே அதன் ஃபேன் கத்தும். நெட் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்தது, 40 எம்பிபிஎஸ் என்கிறார். தூறல் போட்டால் போய்விடும்.

பெரியவன் ஒரு ரஃப் நோட்டில் மூன்று பத்தி கிழித்து, எந்தக் கன்சோலில் மட்டும் என்ன கேம் வருகிறது என்று யூடியூப் பார்த்துப் பட்டியல் போட்டிருக்கிறான். மண்டியில் நாங்கள் பெட்டி எண்ணுகிற மாதிரியே நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. பிளேஸ்டேஷனுக்கு 34, எக்ஸ்பாக்ஸுக்கு 29, நிண்டெண்டோவுக்கு 27. "அப்பா, கணக்கு முடிஞ்சுது, பிஎஸ்5" என்கிறான், அதாவது பிளேஸ்டேஷன் 5. சின்னவன் ஓட்டு மாரியோவுக்கு. கூடப் படிக்கும் பையன் வீட்டில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

என் ஆசை வேறு. கல்யாணத்துக்கு முன் சேலத்தில் இருந்தபோது ரூமில் ஒருவரின் பிஎஸ்3-ல் அன்சார்ட்டட் 2 விளையாடினேன். ஆரம்பமே பள்ளத்தாக்கில் தொங்கும் ரயில், அதைப் பிடித்து மேலே ஏறி வர வேண்டும். அந்த ரயிலிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான். இந்த "எக்ஸ்க்ளூசிவ்" என்கிற சமாச்சாரம் உண்மையிலேயே அந்தந்தப் பெட்டியில் மட்டும்தானா? அதை வைத்துப் பெட்டியை முடிவு செய்வது சரியா? மூன்றையும் வாங்க நான் மண்டி முதலாளி இல்லை.


ஓசூர்_செகண்ட்ஷிஃப்ட் எழுதியது:

அண்ணா, வணக்கம். நான் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஆள். இங்கே எங்களுக்கு ஆதரவு கம்மி என்பதால் முந்திக்கொண்டு வந்துவிட்டேன்.

2020 நவம்பரில் இந்தியாவில் வந்தபோது இதன் விலை 34,990. சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வீடு வர 11 மணி தாண்டிவிடும். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் விளையாடினால்தான் தூக்கம் வரும். அந்த அரை மணிக்கு இந்தப் பெட்டி மாதிரி வேறு கிடையாது. குவிக் ரெஸ்யூம் என்று ஒன்று உண்டு. நேற்று எந்த வளைவில் காரை நிறுத்தினேனோ இன்று அதே வளைவில் இன்ஜின் சத்தத்தோடு நிற்கும். நடுவில் முறையாக ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் சரி.

எக்ஸ்க்ளூசிவ் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸ் செய்கிற மைக்ரோசாஃப்ட்டின் புது கேம் எல்லாம் பிசியிலும், அதாவது கம்ப்யூட்டரிலும், வந்துவிடுகிறது. இப்போது பிஎஸ்5-க்கும் போகிறது. ஹை-ஃபை ரஷ், சீ ஆஃப் தீவ்ஸ் இரண்டும் 2024-ல் போயின. நான் பெட்டி வாங்கியதற்கே பாதிக் காரணம் ஃபோர்சா ஹொரைசன் 5 என்ற கார் ரேஸ் கேம். அதுவும் 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்குப் போய்விட்டது. கியர்ஸ் ஆஃப் வார் ரீலோடட் ஒரே நாளில் இரண்டு பக்கமும் வந்தது. எக்ஸ்பாக்ஸின் அடையாளமே ஹேலோதான். அதன் முதல் கதையைப் புதிதாகச் செய்வதாக 2025-ல் சொன்னபோது பிஎஸ்5-க்கும் சேர்த்தே அறிவித்துவிட்டார்கள். ஹேலோவே போன பிறகு காவல் காக்க என்ன இருக்கிறது?

அதனால் எங்கள் பக்கத்தில் உண்மையாகவே தங்கியிருப்பது பழைய சரக்குதான். ஃபேபிள் 2, கியர்ஸ் 2, கியர்ஸ் 3, லாஸ்ட் ஒடிசி. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்த இவை பிசிக்குக்கூட வரவில்லை. ஆனால் 2020-ல் வந்த இந்தப் பெட்டியில் நன்றாக ஓடுகின்றன. உங்கள் பையன் நோட்டில் இவை இருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

மாதச் சந்தா கட்டினால் நிறைய கேம் விளையாட விடும் கேம் பாஸ் இருந்தது, சுகமாக இருந்தது. 2025 அக்டோபரில் விலை ஏறிய பிறகு வருடம் முழுக்கக் கட்டுவதில்லை. பொங்கலுக்கு ஒரு மாதம், தீபாவளிக்கு ஒரு மாதம், அவ்வளவுதான். இன்னொன்று, சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வழி கிடையாது. எல்லாமே டவுன்லோடு. 512 ஜிபி என்பார்கள், நமக்குக் கிடைப்பது 364 ஜிபி. பெரிய கேம் நாலு போட்டால் நிறைந்துவிடும். உங்கள் நெட் நிலவரத்தைப் படித்ததும் எனக்கே கொஞ்சம் தயக்கமாகிவிட்டது, அண்ணா.


பழைய_கேம்சென்டர் (கிருஷ்ணகிரி) எழுதியது:

தம்பி, உன் பையனின் நோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ மண்டி ஆள். பெட்டியை எண்ணியவுடன் விலை போட்டுவிடுவாயா? மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு அடியில் கை விட்டுப் பார்ப்பாய். பையன் எண்ணியிருப்பது மேல் அடுக்கு.

நான் 2007-லிருந்து 2016 வரை பழையபேட்டையில் கேம் சென்டர் நடத்தினேன். நாலு பிஎஸ்2, நாலு குண்டு டிவி, அரை மணிக்கு 10 ரூபாய். அந்தக் காலத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காட் ஆஃப் வார் விளையாட வேண்டுமா, பிஎஸ்2 முன்னால் வந்து உட்கார வேண்டும். அந்த கேமுக்கென்றே கடையில் ஒரு மெமரி கார்டு வைத்திருந்தேன், மொத்தமே 8 எம்பி. பர்கூரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பையன் வருவான். பஸ் காசு போகக் கையில் 20 ரூபாய் இருக்கும், ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் போவான். மூன்று மாதமாக விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை வேறு எவனோ அவன் சேவ் மேலேயே சேவ் பண்ணிவிட்டான். மறுநாள் வந்து பார்த்தவன் அழவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. பக்கத்து மெடிக்கலில் பிளாஸ்டர் வாங்கி வந்து கார்டின் மேல் ஒட்டினான், என் பேனாவை வாங்கி "தொடாதே" என்று எழுதினான், கேம் தொடங்குகிற முதல் கப்பலிலிருந்து திரும்ப ஆரம்பித்தான். அந்த கார்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது, எழுத்து மட்டும் போகவில்லை.

இன்றைக்கு அதே காட் ஆஃப் வார் வரிசையில் 2018-ல் வந்த கேம் 2022 ஜனவரியில் பிசிக்கு வந்துவிட்டது. ஸ்பைடர்மேன் 2 வந்தது 2023 அக்டோபரில். பிசிக்கு வர 15 மாதம்தான் ஆயிற்று. கோஸ்ட் ஆஃப் சுஷிமா, ஹொரைசன், லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டு பாகம் என்று எல்லாம் பிசியில் கிடைக்கிறது. அதனால் "மட்டும்" என்ற சொல்லை அப்படியே நம்பாதே. எத்தனை நாளைக்கு மட்டும், யார் கையில் மட்டும் என்று கேள்.

நம் ஊர் மாந்தோப்பை நினைத்துக்கொள். சொந்தத் தோப்பு வைத்திருப்பவன் ஒரு ரகம். பிளேஸ்டேஷன் செய்கிற சோனிக்கு காட் ஆஃப் வார் செய்கிற ஸ்டுடியோ சொந்தத் தோப்பு. எப்போது பறிப்பது, எந்த மண்டிக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவன் இஷ்டம். குத்தகை இன்னொரு ரகம், வெளிக் கம்பெனியின் கேமைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் தன் பெட்டியில் வைத்துக்கொள்வது. ஃபைனல் ஃபேன்டசி 16 அப்படித்தான். 2023 ஜூனில் பிஎஸ்5-ல் மட்டும் வந்தது, 2024 செப்டம்பரில் பிசிக்குப் போயிற்று, 2025 ஜூனில் எக்ஸ்பாக்ஸுக்கும் போய்விட்டது. குத்தகை முடிந்தால் வேலியைப் பிரித்துவிடுவார்கள். மூன்றாவது, பக்கத்துத் தோப்பையே கிரயம் பண்ணிவிடுவது. 2021-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் கொடுத்து, ஸ்டார்ஃபீல்ட் கேமைச் செய்த பெதஸ்டாவின் தாய்க் கம்பெனியை வாங்கியது. ஸ்டார்ஃபீல்ட் 2023-ல் பிஎஸ்5 இல்லாமல் வந்ததற்குக் காரணம் அதுதான். உன் பையன் இந்த மூன்று ரகத்துக்கும் ஒரே கோடு போட்டிருக்கிறான். குத்தகைப் பழத்தையும் சொந்தப் பழத்தையும் சேர்த்து எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அடி அடுக்கில் கை விட்டால் சோனிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் நல்ல பழம். பிளட்போர்ன் வந்தது 2015-ல், இன்றுவரை வேறு எங்கும் போகவில்லை. பிஎஸ்5 கூடவே வந்த டீமன்ஸ் சோல்ஸும் அப்படித்தான். கிரான் டூரிஸ்மோ 7. அப்புறம் ஆஸ்ட்ரோ பாட், 2024 கேம் அவார்ட்ஸில் அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது வாங்கியது. அதன் தம்பி ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் ஒவ்வொரு பிஎஸ்5-க்குள்ளும் காசில்லாமல் வருகிறது. வாங்கிய அன்றைக்கு அதைச் சின்னவன் கையில் கொடு. ரோபோ மணலில் நடந்தால் ரிமோட் அதிர்ந்து உள்ளங்கையில் மணல் நெருடும், கண்ணாடித் தரையில் நடந்தால் டிக் டிக் என்று விரலில் தெரியும். மழை பெய்கிற இடம் ஒன்று உண்டு. என் தங்கை மகள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

இனி முக்கியமான விஷயம். யூடியூப்காரர்களுக்கு லைப்ரரி என்றால் உலகம் முழுக்க வந்த கேம்கள். நமக்கு லைப்ரரி என்பது ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் யார் யாரிடம் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதுதான். ஓசூரிலிருந்து தருமபுரி வரை நாங்கள் 11 பேர் சேர்ந்து டிஸ்க் மாற்றிக்கொள்கிறோம். பத்துப் பேர் பிளேஸ்டேஷன். சோனியின் பெரிய கேம் பிஎஸ்5-க்குப் புதிதாக வந்தால் 5 ஆயிரம் வாக்கில் ஆகும். நான் ஒன்றை 3,200-க்குப் பழையதாக வாங்கி, ஐந்து மாதம் விளையாடி, 2,500-க்குக் காவேரிப்பட்டினத்து வாத்தியார் ஒருவருக்குக் கொடுத்தேன். 700 ரூபாயில் முடிந்தது. பிஎஸ்5-ல் பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும், சில கேம்களைத் தவிர ஏறக்குறைய எல்லாமே. 2013-லிருந்து சேர்ந்த சரக்கு அது, ஊரில் நிறையக் கிடக்கிறது.

நீ சொன்ன அன்சார்ட்டட் 2-வின் பழைய பிஎஸ்3 டிஸ்க் மட்டும் ஓடாது. கவலை வேண்டாம், நேதன் டிரேக் கலெக்‌ஷன் என்று பிஎஸ்4-க்கு 2015-ல் முதல் மூன்று பாகத்தையும் சேர்த்து விட்டார்கள். ரயில் அப்படியேதான் தொங்குகிறது.


அரூர்_ஜன்னல்சீட் எழுதியது:

அண்ணா, சின்னவர் ஓட்டை யாரும் எண்ணவே இல்லையே!

நான் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக அரூர் வந்து சேர நடு ராத்திரி. அந்தப் பயணத்துக்காகவே நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வாங்கினேன், கையில் பிடித்தும் விளையாடலாம், டிவியிலும் மாட்டலாம். செல்டா டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் கேமை வீட்டில் உட்கார்ந்து விளையாடியதைவிடப் பஸ்ஸில் விளையாடியதுதான் அதிகம். அதில் கிடைப்பதையெல்லாம் ஒட்டி வண்டி செய்யலாம். முதுகில் மூட்டை கட்டிய ஒரு குட்டி ஜீவன் தன் சிநேகிதனிடம் கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்சும். அதற்காக நான் நாலு சக்கரம் வைத்துக் கட்டை வண்டி ஒன்று செய்தேன். மேட்டில் ஏறும்போது குடை சாய்ந்து அது உருண்டு ஓடையில் விழுந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து "ஐயோ பாவம், தூக்கி விடும்மா" என்றார்.

ஒரு சிக்கல் உண்டு. இதில் கன்சோலையே அசைத்து அம்புக்குக் குறி பார்க்கும் வசதி இருக்கிறது. பஸ் ஸ்பீடு பிரேக்கரில் குதித்தால் அம்பு வானத்துக்குப் போய்விடும். ஊத்தங்கரை தாண்டும்வரை நான் வாள்தான் எடுப்பது.

பழைய கேம்சென்டர் அண்ணா சொன்ன தோப்புக் கணக்கில் வேலியைப் பிரிக்காத ஒரே ஆள் நிண்டெண்டோ. மாரியோ, செல்டா என்று அவர்களே செய்கிற கேம் எதுவும் பிஎஸ்5-க்கோ பிசிக்கோ வருவதில்லை. 2017-ல் வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் இன்றும் ஸ்விட்ச் வரிசையில் மட்டும்தான், விலையும் பெரிதாக இறங்கவில்லை. நான்கு பேர் ஒரே டிவியில் ஓட்டலாம். கன்சோலின் இரு ஓரத்திலும் மாட்டியிருக்கும் இரண்டு ரிமோட்டையும் கழற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தால் வாங்கிய அன்றே இரண்டு பேர் விளையாடலாம், தனியாக வாங்க வேண்டியதில்லை. ஓசூர் அண்ணாவின் ஃபோர்சா ஹொரைசனில் ஒரே டிவியைப் பிரித்து இருவர் ஓட்டும் வசதி கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

குத்தகையும் இங்கே உண்டு. புனேயில் செய்த ராஜி என்ற கேம் 2020 ஆகஸ்டில் முதலில் ஸ்விட்ச்சில்தான் வந்தது. இரண்டு மாதத்தில் மற்ற கன்சோல்களுக்கும் போய்விட்டது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோ நம் நாட்டில் முறையாகக் கடை விரிக்கவில்லை. எல்லாம் இறக்குமதி. நான் வாங்கிய கடையில் வாரண்டி என்று சொல்லி ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தேதி போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த இடத்தில் ஜூஸ் கடை. ஆனால் கேட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும், நெட் இல்லாவிட்டாலும் சொருகியவுடன் ஓடும். அடுத்த பெட்டியான ஸ்விட்ச் 2-க்கு வரும் சில வெளிக் கம்பெனி கேம்களில் மட்டும் கேட்ரிட்ஜ் வெறும் சாவிதான், கேமை டவுன்லோடு செய்ய வேண்டும். மாரியோ கார்ட் வேர்ல்டு அப்படி இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.


தக்காளிக்_கணக்கு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் பசங்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பெரியவன் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு போய், சொந்தத் தோப்பு, குத்தகை, கிரயம் என்று மூன்று கலரில் கோடு போட ஆரம்பித்தான். எக்ஸ்பாக்ஸ் பத்தியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்திவிட்டு, "ஓசூர் அங்கிள் பாவம்ப்பா" என்றான். மன்னிக்கணும் நண்பரே.

பாட்டி கதையைக் கேட்டதும் சின்னவன் அரூர் அக்கா கட்சி ஆகிவிட்டான்.

எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, பிஎஸ்5-ல் டிஸ்க் இல்லாதது விலை குறைவாமே, அதை வாங்கினால் என்ன? இரண்டு, பசங்க இருவரும் சேர்ந்து விளையாட பிஎஸ்5-ல் என்ன இருக்கிறது? பெரியவன் தனியாக உட்கார்ந்துகொண்டால் வீட்டில் தினமும் பஞ்சாயத்துதான்.


பழைய_கேம்சென்டர் எழுதியது:

டிஸ்க் இல்லாததை வாங்காதே. 2024 ஏப்ரலில் பிஎஸ்5-ன் ஒல்லி மாடலான ஸ்லிம் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. அந்த விலை வித்தியாசத்தை எங்கள் 11 பேர் வட்டத்துக்குள் வருவதற்கான கட்டணம் என்று நினைத்துக்கொள், ஒரு வருடத்தில் திரும்பிவிடும். உன் நெட்டுக்கும் கணக்குப் போட்டேன். 40 எம்பிபிஎஸ் முழுசாக வந்தால்கூட 100 ஜிபி கேம் இறங்க அஞ்சரை மணி நேரம் ஆகும். நடுவில் மழை தூறினால் உனக்கே தெரியும். டிஸ்க்கிலும் அப்டேட் இறங்கும்தான், ஆனால் கேமின் பெரும்பகுதி அதிலேயே இருக்கும். ஒன்று மறக்காதே: ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவை முதல்முறை இணைக்க நெட் வேண்டும். மழை இல்லாத நாளில் பெட்டியைப் பிரி.

இருவர் விளையாட சாக்பாய் வாங்கு. நாலு பேர் வரை ஒரே டிவியில் ஆடலாம். துணிப் பொம்மை இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கி எறிந்துகொண்டே போகும், உன் வீட்டுப் பஞ்சாயத்து டிவிக்குள் நடக்கும். கிரான் டூரிஸ்மோ 7-லும் திரையைப் பிரித்து ஓட்டலாம். இட் டேக்ஸ் டூ இருவர் இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாத கேம். அது எக்ஸ்க்ளூசிவ் இல்லை, எல்லாப் பெட்டியிலும் உண்டு. எக்ஸ்க்ளூசிவ் பட்டியல் போடுகிறவர்கள் இந்த மாதிரி கேமை விட்டுவிடுவார்கள், வீட்டில் அதிகம் ஓடுவதோ இதுதான். இரண்டாவது ரிமோட் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்.

ஆனால் அரூர் தங்கச்சி சொல்வதில் தப்பே கிடையாது. மாரியோ வேண்டுமென்றால் மாரியோ பெட்டிதான், காத்திருந்தாலும் வேறு எங்கும் வராது. சின்னவனிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும்போது ஒரு வருடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடு. 9 வயசுக்காரனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

அப்புறம் உனக்கு ஒன்று. அன்சார்ட்டட் வரிசையில் லாஸ்ட் லெகசி என்று 2017-ல் ஒன்று வந்தது. கதை முழுக்க இந்தியாவில். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜீப் ஓட்டிக்கொண்டு ஹொய்சாளர் விட்டுப்போன பிள்ளையார் தந்தத்தைத் தேடுவது. ஹளேபீடு, பேலூர் பெயரெல்லாம் வரும், யானை மேல் ஏறிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. அதை முடித்த வாரம் நான் வண்டியை எடுத்துக்கொண்டு வேப்பனப்பள்ளி பக்கம் குந்தாணிக்குப் போனேன். ஹொய்சாள ராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் தலைநகராக வைத்து ஆண்ட ஊர். ஆடு மேய்த்த பெரியவரிடம் கோயில் எங்கே என்று கேட்டேன். என்னைப் புதையல் தோண்ட வந்தவன் என்று நினைத்து ஊர்ப்பெயர், அப்பா பெயர் எல்லாம் விசாரித்த பிறகுதான் வழி சொன்னார்.

அந்த டிஸ்க் என்னிடம் இருக்கிறது. பெட்டி வாங்கியதும் சொல்லு, தருகிறேன். கீறல் விழாமல் வர வேண்டும்.


ஓசூர்_செகண்ட்ஷிஃப்ட் எழுதியது:

தம்பியிடம் சொல்லுங்கள் அண்ணா, அங்கிள் பாவம் இல்லை. நேற்று ஃபேபிள் 2-வில் கல்யாணம் பண்ணி வீடு வாங்கிவிட்டேன். நிஜத்தில் இரண்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது.


தக்காளிக்_கணக்கு எழுதியது:

டிஸ்க் போடும் ஸ்லிம்தான், வாங்கியாயிற்று. விலையும் இரண்டாவது ரிமோட்டும் சேர்ந்து 55-ஐத் தாண்டிவிட்டது. தாண்டியது எவ்வளவு என்று இங்கே எழுத முடியாது, வீட்டம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.

சின்னவன் மழை பெய்கிற இடத்தில் ரிமோட்டை மோந்து பார்த்தான். மாரியோவுக்கு அடுத்த சீட்டு என்று சொன்னேன். எந்த மாதம் என்று கேட்டுப் பெரியவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மண்டி 11 மணிக்கு ஓய்ந்துவிடும். பெரியவனைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வருகிறேன். டிஸ்க்கோடு அந்த மெமரி கார்டையும் எடுத்து வையுங்கள். பிளாஸ்டரை அவன் பார்க்க வேண்டுமாம்.